வால்பாறை ஓடையோரத் தவளைகள்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்

காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கிய மறுநாளே உடுமலையிலிருந்து கிளம்பி, பொள்ளாச்சியில் வால்பாறைப் பேருந்தைப் பிடித்தேன். சுமார் 65 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், ஆழியாறு அணையைத் தாண்டிய பிறகு வரிசையாக வரும் 40 கொண்டை ஊசி வளைவுகள் அதை மூன்று மணி நேரப் பயணமாக்கிவிடுகின்றன. ஒன்பதாவது வளைவில் பேருந்தின் பாதிப்பேர் வரையாடு தெரிகிறதா என்று இடப்பக்கச் சன்னல்களுக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. இந்த முறை என் கண்கள் பாறை உச்சிக்குப் போக வேண்டியவை அல்ல, ஈரத் தரையில் பழக வேண்டியவை என்று எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவன் என் பழைய மாணவன். மேல்நிலை முதலாண்டில், செய்முறை வகுப்பில் மெழுகுத் தட்டில் மல்லாத்தி ஊசி குத்திய தவளையை வெட்ட மாட்டேன் என்று கைகட்டி நின்று, பதிவேட்டில் என் சிவப்பு மையை வாங்கியவன். இப்போது நீர்நில வாழ்விகளில் ஆய்வு செய்கிறான். ஓடையோரத்தில் காணும் தவளைகளை எப்படி இனங்காண்பது என்று எனக்குக் கற்றுத் தருவதாக இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இந்த விடுமுறையில்தான் நாள் கொடுத்தான். ஜூன், ஜூலையில் வரலாமே என்று கேட்டதற்கு, அப்போது ஓடை பெருக்கெடுத்து ஓடும், கல்லும் தெரியாது, கல்லின்மேல் இருப்பதும் தெரியாது, தென்மேற்குப் பருவமழை தணிந்து தண்ணீர் இறங்கும் நேரந்தான் சரி என்றான்.

நாங்கள் போகும் ஓடை ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்துக்குள், வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் ஒரு சோலைத் துண்டின் விளிம்பில் ஓடுகிறது. தோட்ட மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருந்தோம். தோட்டத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதற்கான காரணம் வரும் நாள்களில் தானாகவே விளங்கக்கூடும். எங்களுடன் வருபவர் தோட்டத்துக் காவல்கார அண்ணன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். யானை போன தடத்தையும் போகப் போகும் தடத்தையும் சொல்லக்கூடியவர்.

விடுதிக்கு வந்ததும் தம்பி (அந்த மாணவனை நான் அழைப்பது அப்படித்தான்) என் பூட்ஸை வாங்கி, வாளியில் கரைத்து வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் நீரில் முக்கியெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தான். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் தோல் பூஞ்சை, ஓர் ஓடையின் சேற்றோடு இன்னோர் ஓடைக்கு நம் காலணி வழியாகவே போகக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. கையில் கொசு மருந்து பூசக் கூடாது, தவளையைத் தொடக் கூடாது, அது உட்கார்ந்திருக்கும் இலையைத் திருப்பக் கூடாது. படம் எடுப்பதென்றால் நான்கு கோணங்கள் வேண்டும்: முதுகு முழுவதும் தெரிய மேலிருந்து ஒன்று, கண்ணும் செவிப்பறையும் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, முன்கால் விரல் நுனிகள் ஒன்று, பின்காலின் விரலிடைச் சவ்வு ஒன்று. நான்காவது இல்லாமல் முதல் மூன்றை எவ்வளவு அழகாக எடுத்தாலும் பயனில்லை என்றான். இருபத்தாறு ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் நான். தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்று தூக்கத்திலும் சொல்வேன். உயிரோடு இருக்கும் ஒரு தவளையின் பின்கால் சவ்வு எந்த விரலின் எந்தக் கணு வரை வருகிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இருட்டியதும் விடுதி முற்றத்திலேயே பாடம் தொடங்கியது. குழல்விளக்கின் கீழ் ஈசலுக்குக் காத்திருந்த சொறித்தேரையை இனங்காண எனக்கே முடிந்தது: கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பி, தலையில் கருப்பு விளிம்பு கட்டிய எலும்பு முகடுகள், டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். உடுமலையில் எங்கள் வீட்டுத் துளசி மாடத்தடியில் இருப்பதும் இதுதான்.

ஆனால் வேலியோரக் காப்பிச் செடிகளிலிருந்து வந்த 'டிக்... டிக்... டிக்' ஒலி வேறு. அரை மணி நேரம் டார்ச்சை அங்குமிங்கும் அடித்தும், ஒலி வலப்புறமிருந்து வருகிறது என்று போனால் இடப்புறம் போய்விடுகிறது. கடைசியில் தம்பி என்னை ஓரிடத்தில் நிறுத்தி, தான் பத்தடி தள்ளி நின்று, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒலி வரும் திசைக்கு டார்ச்சை நீட்டுவோம் என்றான். கண்ணைத் திறந்தபோது இரண்டு ஒளிக்கற்றைகளும் வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு காப்பி இலை. அதன்மேல் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, பழுப்புநிறத் தவளை ஒன்று, தன் உடம்பளவுக்குக் குரல்பையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பையின் தோல் வழியாக இலை நரம்பு தெரிந்தது.

ராவோர்செஸ்டஸ் என்னும் புதர்த்தவளைப் பேரினம். பெங்களூரு மத்தியக் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியருமான சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010 இல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, அரிசி அளவில் முழுத் தவளையாகவே வெளிவருகின்றன. தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனை முறை வட்டமாக வரைந்திருக்கிறேன்! அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் சிற்றினங்கள் இந்த ஒரு பேரினத்தில் மட்டும் அறுபதுக்கு மேல்.

"எந்தச் சிற்றினம் தம்பி?" என்றேன். "குரலைப் பதிவு செய்திருக்கிறேன் டீச்சர். இப்போதைக்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இரண்டாம் நாள்

காலை ஏழு மணிக்கு ஓடைக்குப் போனோம். தேயிலைச் செடிகள் ஒருபுறம் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மறுபுறம் சோலை, அடியில் ஏலக்காய்ப் புதர்களும் பாசி மூடிய வேர்களும் இருட்டும். ஓடையின் அகலம் மூன்று எட்டுக்கு மேல் இராது. ஆழம் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை. தண்ணீர் கற்களுக்கிடையே இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்ததால், நாங்கள் ஒருவரோடொருவர் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அட்டைகளுக்காக முழங்கால் வரை துணியுறை போட்டிருந்தும் இரண்டு எப்படியோ உள்ளே புகுந்துவிட்டன.

முதல் அரை மணி நேரம் நான் கண்டது கற்கள் மட்டுமே. பிறகு காவல்கார அண்ணன் தன் கைத்தடியால் ஒரு பாறையைக் காட்டி, "அங்க பாருங்க டீச்சரம்மா, காலாட்டுது" என்றார். நீர்த்திவலை படும் பாறையின் விளிம்பில், ஈரக் கல்லின் நிறத்திலேயே இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தவளை. அது மெல்லிய, கிரீச்சென்ற ஓசையைத் தொடர்ந்து எழுப்பியது. பிறகு இடப் பின்காலை மெதுவாகத் தூக்கிப் பின்னோக்கி முழுவதுமாக நீட்டி, விரல்களை விசிறிபோல் விரித்து, ஒரு கணம் அப்படியே நிறுத்தி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டது. விரித்த கணத்தில் விரலிடைச் சவ்வு வெள்ளையாக மின்னியது. இரண்டடி தள்ளி இன்னொரு கல்லில் இருந்த தவளை, தன் வலக்காலால் அதே விடையைத் தந்தது.

மைக்ரிக்சாலஸ், தமிழில் சொன்னால் ஆடும் தவளை. ஓடும் நீரின் இரைச்சலில் குரல் எடுபடாத இடத்தில் வாழ்வதால், ஆண்கள் காலையே கொடியாக்கிக்கொண்டிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ். டி. பிஜுவும் அவரது குழுவினரும் 2014 இல் ஒரே கட்டுரையில் இப்பேரினத்தின் 14 புதிய சிற்றினங்களை விவரித்தபோது மொத்த எண்ணிக்கை 24 ஆனது. தலைப்பிரட்டை இன்னும் விசித்திரம். ஓடைப் படுகையின் மணலுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்தே வளர்கிறது என்பது 2016 இல்தான் வெளியாயிற்று. அதைக் கேட்டபின் ஓடைக்குள் கால் வைக்கவே கூசியது. அதுவரை எத்தனை முறை மிதித்திருப்பேனோ!

இந்த ஆட்டத்தை நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். குரல் எப்போதும் முன்னே, கால் பின்னே. முதலில் கூப்பிடுகிறது, எதிரி திரும்பிய பிறகே காலை நீட்டுகிறது. சில நேரம் நீட்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தைக் கல்லில் தட்டுவதோடு சரி. எதிரி மிக நெருங்கி வந்தபோது அந்தத் தவளை கொடியாட்டத்தை நிறுத்திவிட்டு, நேராகப் போய் அதன் முதுகில் உதைத்து நீரில் தள்ளியது.

மேலே, பக்கம், முன்கால் என்று மூன்று படங்கள் எடுத்தாயிற்று. நான்காவது படத்துக்காக இடம் மாறும்போது பாசியில் கால் வழுக்கி, முழங்காலில் அடிபட விழுந்தேன். கேமராவுக்கு ஒன்றுமில்லை. தவளை மட்டும் போய்விட்டது. காலை விரித்த கணத்தில் எடுத்த படங்களில் சவ்வு வெள்ளைக் கறையாக மட்டுமே விழுந்திருக்கிறது, ஒளி கூடிவிட்டது. ஆகவே இதுவும் பேரினத்தோடு நின்றது.

திரும்பும் வழியில் தேங்கிய ஓரநீரில் அழகான ஒரு தவளையைக் கண்டேன். முதுகு பொன்பழுப்பு, இருபக்கமும் கண்ணிலிருந்து இடுப்பு வரை ஓடும் தோல் மடிப்பு, அதற்குக் கீழே முகத்திலிருந்து பரவும் கருப்பு, மேலுதட்டில் வெள்ளைக் கோடு. விரல் நுனிகளில் சிறு வட்டுகள். நான்கு கோணமும் கிடைத்தது. என்னிடம் இருந்த பழைய கையேட்டைப் புரட்டி, "ஹைலரானா டெம்போராலிஸ்" என்று நானே பெயர் எழுதினேன். தம்பி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிற்றினத்தையாவது முழுதாகப் பிடித்துவிட்ட நிம்மதியோடு இன்றைய குறிப்பை முடிக்கிறேன்.

மூன்றாம் நாள்

நேற்று எழுதிய கடைசிப் பத்தி தவறு. அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன்.

காலையிலிருந்து அடைமழை. தகர ஓட்டின்மேல் விழும் ஓசையில் விடுதிக்குள்ளேயே கத்திப் பேச வேண்டியிருந்தது. வெளியே போக வழியில்லாததால் தம்பி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் 'டெம்போராலிஸ்' படத்தை எடுத்தான். "டீச்சர், இந்தத் தவளை இலங்கையில்தான் இருக்கிறது" என்றான்.

1864 இல் விலங்கியலாளர் குந்தர் இந்தப் பெயரைச் சூட்டியது இலங்கைத் தவளைக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்க்க அதுபோலவே இருந்தவற்றுக்கும் நூறாண்டுக்கு மேலாக அதே பெயரைப் போட்டுவந்தார்கள். என் கையேடும் அந்த மரபில் வந்ததுதான். 2014 இல் இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டபோது, டெம்போராலிஸ் இலங்கைக்கு மட்டுமே உரியது என்றும், இங்கே அந்தப் பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருந்தன என்றும் தெரியவந்தது. அந்த ஒரு கட்டுரையில் விவரிக்கப்பட்ட ஏழு புதிய பொன்முதுகுத் தவளைகளில் ஆறு இந்தியாவைச் சேர்ந்தவை, ஒன்று இலங்கையைச் சேர்ந்தது. மறுஆண்டு இவற்றின் பேரினமும் இண்டோசில்விரானா என்று மாறியது. ஆக, என் குறிப்பில் பேரினமும் பிழை, சிற்றினமும் பிழை.

"நேற்றே சொல்லியிருக்கலாமே?" என்றேன் சற்றுக் கோபத்துடன். "நீங்களும் விடைத்தாளில் அடுத்த நாள்தான் சுழித்துத் தருவீர்கள்" என்றான்.

பிறகு அவன் விளக்கியது எனக்கு உறைத்தது. இம்மலைகளில் ஒரு கணவாய், ஓர் ஆழமான பள்ளத்தாக்கு, உயரத்தில் சில நூறு மீட்டர் வேறுபாடு ஆகியவையே தவளைக் கூட்டங்களை இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிரித்து வைக்கப் போதுமானவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறாக இருக்கக்கூடும். எனவே படத்தோடு இடமும் உயரமும் நாளும் நேரமும் குரலும் சேராவிட்டால் பாதிச் சாட்சியம் கையில் இல்லை என்று பொருள். முதல் நாள் அவன் பேரினத்தோடு நிறுத்தியதைத் தயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவனோ தனக்குக் கிடைத்த சாட்சியத்தின் எல்லையில் நின்றிருக்கிறான்.

மதியம் முழுவதும் குரல் பதிவுகளைக் கேட்டோம். முதல் நாள் புதர்த்தவளையின் குரலைத் திரையில் ஒலிவரைபடமாக்கியதும், காதுக்கு ஒரே 'டிக்' என்று கேட்டது பல துடிப்புகளின் அடுக்காக விரிந்தது. ஓர் அழைப்பில் எத்தனை துடிப்புகள், எந்த அதிர்வெண்ணில் ஒலி உச்சம், இரண்டு அழைப்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று அவன் அட்டவணை போட்டான். வெப்பநிலை குறைந்தால் துடிப்புகளின் வேகமும் குறையும் என்பதால், பதிவின் தொடக்கத்தில் அன்றைய வெப்பநிலையைத் தன் குரலில் சொல்லி வைத்திருக்கிறான். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தொழிலில் அது தன் வாயால்தான் பெயர் பெறுகிறது.

பேச்சு எங்கெங்கோ போய், என் செய்முறை வகுப்புத் தவளைக்கு வந்து நின்றது. பாடநூலில் நாங்கள் 'ரானா ஹெக்சாடாக்டைலா' என்று நடத்திய பச்சைத் தவளை இப்போது யூஃப்ளிக்டிஸ் பேரினத்தில் இருக்கிறது. வளர்ந்த தவளை பூச்சியோடு நீர்த்தாவர இலைகளையும் தின்னும் என்பது தவளைகளில் அரிய பழக்கம். இதை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. ஆய்வகத்துக்கு மட்டுமல்ல, வெளிநாட்டுச் சமையலறைகளுக்கும் நம் வயல் தவளைகள் சாக்குச் சாக்காகப் போயின. கால்களின் ஏற்றுமதி 1987 இல்தான் தடை செய்யப்பட்டது.

மாலை மழை விட்டது. ஆறரை மணிக்கு ஹெட்லேம்ப் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். தோட்டச் சாலை திரும்பும் மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யானைக் கூட்டம் சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. வால்பாறையில் பல இடங்களில் இப்படிக் கைப்பேசியால் இயக்கப்படும் விளக்குகளை வைத்திருக்கிறார்கள். காவல்கார அண்ணன் பேசவே இல்லை, திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். நாங்களும் பின்னால் வந்தோம்.

நான்காம் நாள்

இந்தப் பயணத்தில் இன்றிரவைத்தான் நீளமாக எழுத வேண்டும். பகலில் நான்காவது படத்துக்காக மறுபடி அந்தப் பாறைக்குப் போனோம். நேற்றைய மழையில் பாறையே நீருக்குள் இருந்தது. ஆடும் தவளைகளைக் காணவில்லை.

மாலைக்குள் நீர் ஓரளவு இறங்கியது. சிவப்பு விளக்கும் எரியவில்லை. இரவு எட்டு மணிக்கு ஓடையில் இறங்கினோம். பகலில் பார்த்த ஓடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. டார்ச் ஒளியில் ஒவ்வொரு வேரடியிலும் கண்கள் மின்னின. பெரும்பாலானவை சிலந்திகள். சிலந்தியின் கண் வெள்ளைப் புள்ளியாகக் கூர்மையாக மின்னும். தவளையின் கண் சற்றுப் பெரிதாக, மஞ்சளோ சிவப்போ கலந்து மங்கலாகத் தெரியும். இதைப் பிரித்தறியவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முதலில் கண்டது நீருக்குள் பாதி அமிழ்ந்திருந்த, தடித்த உடலும் சுருக்கங்கள் நிறைந்த தோலும் கொண்ட ஒரு பழுப்புத் தவளை. "கண்ணின் பாவையைப் பாருங்கள்" என்றான் தம்பி. இதுவரை கண்ட புதர்த்தவளைகளின் பாவை படுக்கைவாட்டில் நீண்டிருந்தது. இதன் பாவை சாய்சதுரமாக, சீட்டுக்கட்டின் டைமண்ட்போல இருந்தது. செவிப்பறை வெளியே தெரியவே இல்லை. நிக்டிபாட்ராக்கஸ், இரவுத் தவளைப் பேரினம். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. 2011 இல் ஒரே முறையில் இதில் 12 புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் மூணாற்றுப் பக்கத்துத் தவளை ஒன்றுக்கு அதன் குரலை வைத்து 'பூச்சா' என்றே பெயர், மலையாளத்தில் பூனை. இந்த ஆனைமலையின் பெயரையே தாங்கிய குட்டிச் சிற்றினம் ஒன்றும் 1942 முதல் பதிவில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிய உடலுடையது.

அதற்கு ஒரு சாண் மேலே, ஓடையின்மேல் வளைந்து தொங்கிய ஓர் இலையின் மேற்பரப்பில் முட்டைகள் இருந்தன. தண்ணீரில் அல்ல, இலையில். ஒவ்வொன்றும் தெளிந்த கூழுக்குள், ஒரு பாதி கருப்பும் மறுபாதி வெள்ளையுமாகக் கண்ணாடிக் கோலிக்குண்டுபோல் இருந்தது. இருபத்து மூன்று வரை எண்ணினேன். இரவுத் தவளைகளில் பல இப்படித்தான் நீருக்கு மேலே இலையிலோ பாறையிலோ முட்டையிடுகின்றன. ஆண் பக்கத்திலேயே காவல் இருக்கும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே ஓடும் நீரில் விழும். நாங்கள் கண்ட தவளை அந்த இலைக்கு நேர்கீழே இருந்ததால், காவலிருக்கும் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதப் போனேன். தம்பி பேனாவைப் பிடித்து, "பக்கத்தில் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள் டீச்சர்" என்றான். அப்படியே எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்கு மேல், ஓடை சற்று அகன்று குட்டைபோல் தேங்கும் இடத்துக்கு வந்தோம். தலைக்கு மேல் ஒரு கிளையில் இலைகளைச் சேர்த்து ஒட்டிய, சோப்பு நுரை உலர்ந்ததுபோன்ற வெண்மையான கூடு. பறக்கும் தவளைகளின் நுரைக்கூடு என்று உடனே சொல்லிவிட்டேன், படங்களில் பார்த்திருக்கிறேன். பெண் சுரக்கும் திரவத்தைக் கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். மழை அடித்துக் கூடு கரையும்போது தலைப்பிரட்டைகள் கீழிருக்கும் நீருக்கு உதிரும். கூட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பச்சைத் தவளை ஒன்று கிளையைப் பற்றிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் அகன்ற வட்டுகள். கை கால் இரண்டிலும் விரல்களின் நுனிவரை ஆரஞ்சு நிறச் சவ்வு.

"மலபார் பறக்கும் தவளை, ரேகோஃபோரஸ் மலபாரிகஸ்" என்றேன். மூன்று நாள் பட்டும் என் அவசரம் போகவில்லை.

தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் ஒளியைக் குறைத்துக்கொண்டு கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். பச்சை முதுகின்மேல் மெல்லிய கருங்கோடுகள், கூரிய பேனாவால் கிறுக்கியதுபோல் ஒன்றோடொன்று பின்னி, தொடை வரை ஓடின. மலபாரிகஸின் முதுகு பெரும்பாலும் வெறும் பச்சை. சிறு புள்ளிகள் இருக்கலாம், இப்படிக் கோட்டு வலை இராது. கோடுகள் அடர்ந்திருந்ததால் இது இளந்தவளையாக இருக்கலாம், முதிர முதிர அவை மங்கும் என்றான். முன்கையின் வெளியோரத்தில் பல்பல்லாக வெட்டுப்பட்ட தோல் மடிப்போ, குதிகாலில் கூர்முனையோ இல்லாததால் களக்காட்டுப் பறக்கும் தவளையையும் விலக்கினோம். எஞ்சியது ஒன்றுதான்: ரேகோஃபோரஸ் சூடோமலபாரிகஸ். கார்த்திகேயன் வாசுதேவனும் சுசீல் தத்தாவும் இதே வால்பாறையின் ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்து 2000 ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய தவளை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், அற்றுப்போகும் ஆபத்துள்ளவற்றுள் வைக்கப்பட்டிருப்பது. தோட்டத்தின் பெயரை நான் எழுதாததன் காரணம் இதுதான்.

'சூடோ' என்றால் போலி. அந்தத் தவளை யாரையும் ஏமாற்றவில்லை. மலபாரிகஸ் என்று நினைத்து ஏமாந்தது நாம். பட்டம் மட்டும் அதற்கு.

நான்கு கோணமும் எடுத்தோம். நான்காவதை, அது தானாகவே கிளை மாறக் காலை நீட்டியபோது, தம்பி எடுத்தான். பதினைந்து நிமிடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு விலகினோம். விடுதிக்கு வந்து படங்களைத் தன் நெறியாளருக்கு அனுப்பிவிட்டு அவன் தூங்கப் போகவில்லை, நானும் போகவில்லை. பின்னிரவில் பதில் வந்தது: அதே பெயர். இப்போது மணி இரண்டு நாற்பது.

ஐந்தாம் நாள்

பதினொரு மணிப் பேருந்துக்கு முன் ஒரு முறை ஓடையைப் பார்த்துவிடலாம் என்று போனோம். நேற்று நாங்கள் திரும்பிய பிறகு மறுபடி மழை பெய்திருக்கிறது. முட்டைகள் இருந்த இலை அப்படியே இருந்தது. ஆனால் நேற்று ஒரு சாண் கீழே ஓடிய நீர் இன்று இலையின் நுனியை விரற்கடை தூரத்தில் தொடப்போவதுபோல் ஓடியது. முட்டைகளை எண்ணினேன், இருபத்து மூன்றும் இருந்தன. பகல் வெளிச்சத்தில் கருப்புப் பாதிகள் சற்று நீண்டு வளைந்திருந்தது தெரிந்தது. கீழே தவளை எதுவும் இல்லை, வேருக்குள் ஒதுங்கியிருக்கலாம்.

இலையைச் சற்று மேலே இழுத்து ஒரு கொடியால் கட்டிவிடலாமா என்று கேட்டேன். தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். காவல்கார அண்ணன் வானத்தைப் பார்த்து, "மத்தியானத்துக்கு மேல வருதுங்க மழை" என்றார். சாயங்காலம் வந்து பார்த்து, தன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நான் விளக்கத் தொடங்கியதும், "மூணு நாளாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்று சிரித்தார்.

இறங்கும் வழியில், சோலை சாலையைத் தொடும் ஒரு வளைவில் பேருந்து எதிர்வண்டிக்காக நின்றபோது, தார்ச்சாலையில் நசுங்கிக் காய்ந்து ஒட்டியிருந்த ஒன்றைச் சன்னல் வழியாகக் காட்டினான் தம்பி. மழைக்கால இரவுகளில் சாலையைக் கடக்கும் தவளைகளும் பாம்புகளும் இந்த மலையில் ஏராளமாக அரைபடுகின்றன. அந்தக் கணக்கை எடுத்து 2001 இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நீண்ட பின்கால், நுனியில் வட்டு இருந்த தடம். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. குறிப்பேட்டில் இடமும் நேரமும் எழுதி, பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஐந்து நாளில் பதினொரு பதிவுகள். சிற்றினம் வரை உறுதியானவை இரண்டே: முற்றத்துச் சொறித்தேரையும், கிளையில் கண்ட பச்சைத் தவளையும். முதல் நாள் புதர்த்தவளைக்கு மட்டும் குரலைக் கொண்டு இரண்டு பெயர்கள் போட்டியில் இருக்கின்றன. ஒப்பிட இன்னும் பதிவுகள் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தம்பி பொள்ளாச்சியில் பிரிந்தான்.

உடுமலைக்கு வந்து சேர்ந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, இரவு ஏழே காலுக்குக் காவல்கார அண்ணனின் படம் வந்தது. இலை இருக்கிறது. நீர் இலைக்குக் கீழேதான் இருக்கிறது. டார்ச்சை மிகப் பக்கத்தில் பிடித்து எடுத்திருக்கிறார், மழையும் பெய்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். இலை முழுவதும் உருண்டை உருண்டையாக மின்னுகிறது. அவற்றில் எது முட்டை, எது மழைத்துளி என்று பிரிக்க முடியவில்லை. தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். அவனும் இன்னும் பதில் எழுதவில்லை.